ஒரு நாள் இருட்டு

“பார்க்கிறதுக்குக் காசா பணமா, நல்லாப் பாருங்க” என்று சொல்லியபடியே இன்னொரு புடவையை உதறுகிறார். இடது கையில் ஒரு முனை, வலது கையால் ஒரு வீச்சு. புடவை மேஜையின் அந்தக் கோடிவரை ஓடிப்போய், வாங்க வந்தவரின் வயிற்றுக்கு நேரே நின்றுகொள்ளும். தரையைத் தொடாது. அதற்குள் அவருடைய ஒரு கால் செருப்பைக் கழற்றிவிட்டு, பின்னாலிருக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் ஏறியிருக்கும். கொஞ்ச நேரம் இந்தக் கால், கொஞ்ச நேரம் அந்தக் கால். எதிரே இருப்பவர்களுக்கு அவரை இடுப்புக்கு மேலேதான் தெரியும் என்பதால் இந்த இடமாற்றம் யார் கண்ணிலும் படுவதில்லை.

எங்கள் குடியிருப்பில் அவருக்கு ‘நாலாம் மாடி அக்கா’ என்று பெயர். குடியிருப்பதோ இரண்டாம் மாடியில், எங்கள் எதிர்வீட்டில். ஜவுளிக்கடையின் நாலாம் மாடியில் பட்டுப் பிரிவில் வேலை செய்வதால் வந்த பெயர் அது. விவரம் தெரியாமல் தேடி வருகிறவர்கள் எங்கள் நாலாம் மாடி வரை ஏறிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க இறங்கி வந்து என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். எதிர்க் கதவைக் காட்டிவிட்டு ஒரு தம்ளர் தண்ணீரும் கொடுத்து அனுப்புவது என் வழக்கம்.

அந்தக் கடையில் வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை வைத்த ஸ்டூல் உண்டு. காட்டுகிறவர்களுக்கு ஒரு முக்காலி கூடக் கிடையாது.

“உட்கார்ந்தா சோம்பல் வந்துரும்னு முதலாளி சொல்றாரு. சோம்பல் வந்து ரொம்ப நாளாச்சு சார். உட்கார எடமில்லாம அதுவும் என்கூடவே நின்னுக்கிட்டு இருக்கு.”

நின்று நின்று காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் நிலைப்படியில் சாய்ந்துகொண்டுதான் பேசுவார். என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டால், “வேணாம்க்கா, உட்கார்ந்தா எந்திரிக்க மாட்டேன்” என்பார். பேசிக்கொண்டே கை பாட்டுக்கு எதையாவது மடித்துக்கொண்டிருக்கும். என் துண்டு, மேஜை விரிப்பு, அன்றைய செய்தித்தாள். அவர் மடித்துக் கொடுத்த செய்தித்தாளைப் பிரித்துப் படிக்க எனக்கு மனசே வராது.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அவரைப் பார்க்க முடியாமல் போய்விடும். விடுமுறை கிடையாது. காலையில் நாங்கள் எழுவதற்குள் போய்விடுவார், நாங்கள் படுத்த பிறகு வருவார். தொண்டை கட்டிக்கொள்ளும், வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கப் பழகியிருக்கிறார். கடையில் அந்த மாதம் முழுக்கக் கூரை, சுவர், தூண், படிக்கட்டு எல்லா இடத்திலும் சரவிளக்கு போட்டுவிடுவார்கள். பட்டு பளபளக்க வேண்டுமே. வெளியே மழை பெய்கிறதா, பொழுது சாய்ந்ததா என்று உள்ளே ஒன்றும் தெரியாது.

“கண்ணை மூடினாலும் உள்ள ட்யூப்லைட்டு எரியுது சார்” என்றார் ஒருமுறை.

நான் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன். வருஷா வருஷம் தீபாவளி மலருக்கு, ‘இருள் நீங்கி ஒளி பிறக்கும் திருநாள்’ என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பேன். போன வருஷத்துத் தாளைப் பார்த்து எழுதினாலும் யாரும் கண்டுபிடிப்பதில்லை. இவர் அப்படிச் சொன்ன அன்று அந்த வரியை எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

இந்த வருஷம் மனைவிக்குப் புடவை எடுக்க அவருடைய மேஜைக்கே போயிருந்தோம். பக்கத்தில் ஒரு அம்மா இரண்டு பச்சைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார். அவருடைய சின்னப் பெண்ணுக்குப் பொழுது போகவில்லை.

“ஆன்ட்டி, தீபாவளி எதுக்குக் கொண்டாடுறோம்?”

அக்காவின் கை நிற்கவில்லை. “நரகாசுரன்னு ஒருத்தன் இருந்தான் கண்ணு. ஊரு உலகத்தையே ஆட்டி வச்சான். கடைசியில அவனைப் பெத்த அம்மாவே வந்துதான் முடிக்க வேண்டியதாப் போச்சு. சாகும்போது அவனுக்குப் புத்தி வந்துருச்சு. நான் செத்த நாள்ல யாரும் அழக்கூடாது, எல்லாரும் எண்ணெய் தேச்சுக் குளிச்சு, புதுசு உடுத்தி, விளக்கேத்தி சந்தோஷமா இருக்கணும்னு வரம் கேட்டான்.”

“அவங்க அம்மா அழலையா?”

விரித்த புடவை ஒரு நொடி அப்படியே நின்றது. “அழுதிருப்பாங்க. அழுது முடிச்சுட்டுத்தான் விளக்கேத்தியிருப்பாங்க” என்றவர், உடனே அந்த அம்மா பக்கம் திரும்பி, “இந்தப் பச்சை உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும்மா, தோள்ல போட்டுப் பாருங்க” என்றார். குழந்தை நகர்ந்த பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, “கேட்டதுதான் கேட்டான், விடியக்காலைல குளிக்கணும்னு எதுக்கு சார் கேட்டான்? ஒரு பத்து மணிக்குன்னு கேட்டிருந்தா நானும் அவனைக் கும்பிட்டிருப்பேன்” என்றார்.

அதற்குக் காரணம் உண்டு. கடைசி நேரத்தில் ஓடி வருகிற ஆண்களுக்காகத் தீபாவளிக்கு முதல் ராத்திரி கடையை மூடவே மாட்டார்கள். எல்லாவற்றையும் மடித்து அடுக்கிவிட்டு அவர் வீட்டுக்கு வரும்போது விடியப்போகிற நேரம். படுக்காமலேயே அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போடுவார். நல்லெண்ணெயைக் காய்ச்சி, கணவரையும் மகளையும் எழுப்பி உட்காரவைத்துத் தலையில் வைத்துத் தேய்த்துவிடுவார். புதுத்துணிகளின் ஓரத்தில் மஞ்சள் தடவிச் சாமி முன்னால் வைத்து எடுத்துக் கொடுப்பார். வாசலில் கோலம் போட்டு, விளக்குகளை வரிசையாக ஏற்றுவார். பிறகு அடுப்படியில் பலகாரம். அக்கம்பக்கத்துக்குத் தட்டு. வெடிச் சத்தம். வந்து போகிறவர்கள். மறுநாள் காலையில் மறுபடி கடை. எடுத்த துணியை மாற்றிக்கொள்ள வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

“எல்லாருக்கும் ஒரு நாள் தீபாவளி சார். எனக்கு ஒரு மாசம் தீபாவளி. அந்த ஒரு நாள்தான் இல்லை.”

இந்த வருஷம் அவர் வீட்டுக்குத் தீபாவளி கிடையாது. அவருடைய கணவரின் பெரியப்பா ஆறு மாதம் முன்னால் தவறிவிட்டார். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் பண்டிகை இல்லை, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது. அந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொடுப்பார்கள். முறை அப்படி.

துக்கத்துக்குப் போய்விட்டு வந்த அன்றே மாடிப்படியில் என்னையும் மனைவியையும் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“தப்பா நினைக்காதீங்க. போயி வாய்விட்டு அழுதுட்டுத்தான் வந்தேன். திரும்பி வர்றப்போ பஸ்ஸுல திடீர்னு தோணுச்சு, அப்போ இந்த வருஷம் தீபாவளி இல்லையேன்னு. மனசு லேசாயிடுச்சு. அன்னைக்கு நான் தூங்கலாம்ல?”

என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சே, என்ன புத்தியோ எனக்கு. அந்த மனுஷன் தங்கமான மனுஷன்க்கா. ஒரு தடவை அவரு சம்சாரம், எங்க அத்தைக்குப் புடவை எடுக்கக் கடைக்கு வந்தாரு. நான் நிக்கிறதைப் பார்த்தாரு. ‘நிமிர்ந்து பார்த்துப் பார்த்து என் கழுத்து வலிக்குது, நீ இப்படி வந்து பக்கத்துல உட்கார்ந்து காமி’ன்னு சத்தமாச் சொன்னாரு. சூப்பர்வைசர் என்ன பண்ணுவாரு? வாங்க வந்தவரு கேக்குறாரே. எடுக்கப் போறது ஒரு புடவை, ஆனா அலமாரியையே காலி பண்ணவச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. அந்தக் கடைல நான் உட்கார்ந்தது அன்னைக்குத்தான். அவரு செத்ததுல எனக்குத் தூக்கம் கிடைக்குதுன்னு சந்தோஷப்படுறேன் பாருங்க.”

ஆனாலும் மற்றவர்கள் புதுத்துணிக்குக் காத்திருப்பதுபோல அவர் அந்த ஒரு காலைக்காகக் காத்திருந்தார். கணவர் பேருந்து ஓட்டுகிறவர். பண்டிகை இல்லை என்றதும் அன்றைக்கு வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். வெளியூரில் படிக்கும் மகள் வரவில்லை. படுக்கையறை ஜன்னலில் தொங்கவிட ஒரு பழைய கறுப்புப் போர்வையைத் தேடி எடுத்துத் துவைத்துக் காயப்போட்டார்.

“எனக்கு வெளிச்சம் போதும் சார். ஒரு நாள் இருட்டு போதும்.”

தீபாவளியன்று எண்ணெய்த் தலையோடு நான் வெந்நீருக்குக் காத்திருந்தபோது மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் ஏறி வந்தது. கதவு திறந்தது, மூடியது, தாழ்ப்பாள் விழுந்தது. எங்கள் தளத்தில் எல்லா வாசலிலும் விளக்கு எரிந்தது, அவர் வாசலில் மட்டும் இல்லை. சரி, மகராசி தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நல்ல மனிதர்கள் நிறைந்த குடியிருப்பு எங்களுடையது. அதுதான் வினையாகப் போயிற்று.

முதலில் மேல்வீட்டு வங்கிக்காரர் மனைவி பலகாரத் தட்டோடு வந்தார். மணியை அழுத்தினார். அக்கா முன்யோசனையாக அதன் கம்பியைக் கழற்றி வைத்திருந்தார். “பெல் வேலை செய்யலை போல, பாவம்” என்று அந்த அம்மா கதவைத் தட்டத் தொடங்கினார். துக்க வீடாயிற்றே, பதில் இல்லாவிட்டால் பயம் வராதா? தட்டல் வலுத்தது. அக்கா வந்து திறந்தார். தலை கலைந்து, முகம் வீங்கி, கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

“ஐயோ, இப்படி அழுதா உடம்பு என்னத்துக்கு ஆகும்? மனசைத் தேத்திக்கோங்க.”

அக்கா தட்டை வாங்கிக்கொண்டார். அதைக் கொட்டி, கழுவி, துடைத்துத் திருப்பித் தந்தார். கதவு மூடியது. அடுத்து தையல்காரர் வீடு. அதற்கடுத்து கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரரும் மனைவியும் சேர்ந்தே வந்து, மரணத்தைப் பற்றி நின்றபடியே கொஞ்சம் பேசினார்கள். அவர் எப்படிப் போனார், யார் பக்கத்தில் இருந்தார்கள். அக்கா நிலைப்படியில் சாய்ந்து ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்துக்கொண்டார். கடையில் நிற்பதுபோலவேதான் நின்றார். கொட்டாவியை அடக்கியதில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் மனைவிக்கும் அழுகை வந்துவிட்டது.

எங்கள் தட்டும் தயாராகத்தான் இருந்தது. “ஏங்க, நாம மட்டும் குடுக்கலைன்னா நல்லாவா இருக்கும்?” என்று மனைவி கேட்கும்போதெல்லாம் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வெயில் ஏறிய பிறகு படியில் ஒரு வயதான அம்மா மெதுவாக ஏறி வந்தார். வெளிறிய புடவை, வெறும் நெற்றி, கையில் ஒரு துணிப்பை. இறந்துபோன பெரியப்பாவின் மனைவி. நாலு பஸ் நிறுத்தம் தள்ளி இப்போது தனியாக இருக்கிறார். நான் கதவருகே நின்றிருந்ததால் என்னைப் பார்த்துத் தானாகவே சொன்னார்.

“வீட்ல இருக்க முடியலைப்பா. நல்ல நாளும் அதுவுமா வேற எங்க போறது? தீபாவளி இல்லாத வீட்டுக்குத்தானே நான் போக முடியும்.”

அப்போதும் அக்கா யாரோ ஒருவரின் தட்டோடு வாசலில் நின்றிருந்தார். கொடுக்க வந்த பெண் இந்த அம்மாவைப் பார்த்ததும், “நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க மருமக அழுதழுது கண்ணைப் பாருங்க, எப்படிச் செவந்து கெடக்கு” என்றாள்.

பெரியம்மா மருமகளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். அக்கா பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

“இது அழுத கண்ணு இல்லம்மா” என்றார் பெரியம்மா அந்தப் பெண்ணிடம். “தூங்காத கண்ணு. அழுத கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

அந்தப் பெண் போய்விட்டாள்.

“அத்தை, நீங்க உள்ள வாங்க, காபி போடுறேன்” என்றார் அக்கா.

“நான் என்ன விருந்தாளியா? போ, போய்ப் படு.”

“இல்லத்தை, நீங்க வந்திருக்கீங்க, நான் எப்படி...”

“உன் மாமா என்ன சொல்லுவாரு தெரியுமா? ‘பாவம்டி அந்தப் புள்ள, அதுக்கு உட்காரக்கூட ஒரு எடம் இல்ல’ம்பாரு. சாகுற வரைக்கும் சொன்னாரு. போ.”

அக்கா உள்ளே போனார். அறைக் கதவு மூடும் சத்தம் கேட்டது. பெரியம்மா கூடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை, தரையில் இழுபடாமல் தூக்கி வந்து, வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு அந்தக் கதவை யாரும் தட்டவில்லை.

இனி தள்ளிப்போட முடியாது என்று நானும் எங்கள் தட்டை எடுத்துக்கொண்டு எதிர்வாசலுக்குப் போனேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பெரியம்மா உதட்டில் விரலை வைத்தார். இன்னொரு கையால் தட்டைச் சத்தமில்லாமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கீழே தெருவில் யாரோ ஒரு நீளமான சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். கட்டடமே அதிர்ந்தது. மடியிலிருந்த தட்டு கூட நடுங்கியது. பெரியம்மா தெருப்பக்கம் திரும்பி, அந்தச் சரம் வெடித்து ஓயும்வரை, உதட்டிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.