என் வலது முட்டியும் அம்மாவின் வாயும்

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மதியம் பள்ளிக்கூட மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உடற்கல்வி ஆசிரியை உட்கார்ந்துகொண்டு விசில் ஊதுவது எனக்கே பிடிக்காத காட்சி. ஆனால் வலது முட்டிக்குள் ஜவ்வு கிழிந்திருந்தது. படியில் ஏறினால் பாதியில் முட்டி பூட்டிக்கொண்டு நிற்கும். வேறு வழியில்லை.

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சிஸ்டர் போன் செய்தார். காலையில் போய், முட்டியில் சின்னத் துளை போட்டுச் சரிசெய்துகொண்டு, சாயங்காலமே வீடு திரும்பிவிடலாம் என்று டாக்டர் ஏற்கனவே சொல்லியிருந்தார். சிஸ்டர் மற்றதைச் சொன்னார்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எதுவும் சாப்பிடக் கூடாது மேடம். காலையில காபி, பால் எதுவும் வேணாம். நகையெல்லாம் வீட்லயே கழட்டி வச்சிருங்க. நகப்பாலிஷ் போட்டிருந்தா அழிச்சிருங்க. கூட ஒரு ஆள் கண்டிப்பா வரணும். நீங்களா வண்டி ஓட்டிட்டுப் போக விடமாட்டோம்."

"முட்டிக்கும் நகப்பாலிஷுக்கும் என்ன சிஸ்டர் சம்பந்தம்?"

"விரல்ல ஒரு கிளிப் மாட்டுவோம். ரத்தத்துல ஆக்சிஜன் எப்படி இருக்குன்னு அது காட்டும். பாலிஷ் இருந்தா தப்பாக் காட்டிரும்."

அழித்துவிடுகிறேன் என்றேன். கால் நகங்களில் இருந்ததையும் சேர்த்து.

ஜவ்வு கிழிந்தது பொங்கலுக்கு. நான் பிறந்த ஊர் கீழக்குயில்குடி. அங்கே பொங்கல் விளையாட்டில் பெண்களுக்கும் கபடி உண்டு. ஊரில் பிறந்த மகள்கள் ஒரு பக்கம், வாழ வந்த மருமகள்கள் இன்னொரு பக்கம். சமணர் மலையின் அடிவாரத்தில் மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, கோடு போட்டிருந்தார்கள். சேலையை மாற்றி டீ ஷர்ட்டும் டிராக் பேண்டுமாக நான் இறங்கியபோதே மருமகள்கள் கூட்டத்திலிருந்து சத்தம் வந்தது: "டீச்சர எறக்கக் கூடாது! அவுக காசுக்கு விளாண்டவுக!" காசுக்கு விளையாடியதில்லை. காலேஜில் இடம் கிடைத்ததும் பிறகு வேலை கிடைத்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில். அவர்கள் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

கடைசியாகக் கபடி பாடிப்போகும் முறை என்னுடையது. ஆட்டம் சமமாக நின்றது. பாடிப்போய் ஓரத்தில் நின்ற பெண்ணைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது இரண்டு பேர் இடுப்பைக் கட்டிப்பிடித்தார்கள். வலது கால் மண்ணில் ஊன்றி நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் 'படக்' என்றது. வலி கண்ணைக் கட்டியது. ஆனால் மூச்சை விடவில்லை. விழுந்த வாக்கில் கையை நீட்டினேன். விரல்நுனி நடுக்கோட்டைத் தொட்டது. விசில் அடித்தார்கள். ஜெயித்துவிட்டோம். மகள்கள் எல்லோரும் என்மேல் வந்து விழுந்தபோதுதான் அலறினேன்.

இந்தக் கதையை வெளியில் சொல்லக் கூடாது என்பது என் நாத்தனாரின் கருத்து. கணவருக்கு அக்கா. நல்ல மனுஷிதான். பிரச்சினை ஊர் வாயைப் பற்றிய பயம். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் ராத்திரி போன் செய்தார். என் கணவர் தல்லாகுளத்தில் டூவீலர் மெக்கானிக் ஷாப் வைத்திருப்பவர். கை எப்போதும் கிரீஸ் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவருக்குப் பேசிப் பழக்கம். எனக்கும் கேட்டது.

"தம்பி, யாரும் கேட்டா படியில வழுக்கி விழுந்துட்டாண்டு சொல்லு. கல்யாணமாகி தோளுக்கு மேல புள்ள இருக்கவ கபடி விளாண்டு கால ஒடிச்சாண்டா என்ன நெனைப்பாக?"

என் கணவர் அதிகம் பேசமாட்டார். வீட்டில் அவர் குரல் கேட்பதே அபூர்வம். அன்று சொன்னார்: "அக்கா, படியில விழுறதுதேன் கேவலம். இவ பாயிண்ட் எடுத்துட்டு விழுந்தவ. கேக்குறவுககிட்ட அதத்தேன் சொல்லப் போறேன்."

நான் அடுப்படியில் இருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

காலையில் மெட்டி கழலவில்லை. கல்யாணத்துக்குப் போட்டது, விரலோடு ஊறிப்போயிருந்தது. அவர் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து, செயின் லிங்க் கழற்றுகிற பொறுமையோடு, திருகித் திருகி எடுத்தார். வெறும் கால்விரலைப் பார்க்க யாருடையதோபோல் இருந்தது. தாலிக்கொடியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக்கொண்டேன். அதற்குள் அம்மா முதல் பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றாள். கையில் ஒயர்கூடை. உள்ளே பிளாஸ்க், தட்டு, துண்டு, எதற்கென்று தெரியாமல் ஒரு தேங்காய்.

"நான் சாப்பிடக் கூடாதும்மா."

"ஒனக்கு யாரு கொண்டாந்தது? மாப்ள பசி தாங்கமாட்டாரு."

ஆஸ்பத்திரியில் அன்று காலை நான் அதிகமாகக் கேட்ட கேள்வி, "எந்தக் கால்?" என்பதுதான். வரவேற்பில் கேட்டார்கள். உடை மாற்றக் கொடுத்தவர் கேட்டார். கையில் ஊசி குத்திக் குழாய் மாட்டிய சிஸ்டர் கேட்டார். மயக்க டாக்டர், என்னென்ன மாத்திரை சாப்பிடுவீர்கள், எதுவும் ஒத்துக்கொள்ளாதா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, அவரும் கேட்டார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா தாயி, ஒருத்தருக்கு ஒருத்தரு பேசிக்கிற மாட்டீகளா? வலது காலு, வலது காலுன்னு புள்ள எத்தன தடவ சொல்லும்?"

சிஸ்டர் சிரித்தார். "மாத்தி வெட்டிறக் கூடாதுல்லம்மா, அதுக்குத்தான். ஒவ்வொருத்தரும் அவங்க வாயாலயே சொல்லக் கேக்கணும்." பிறகு டாக்டரே வந்து, பேனாவால் என் வலது முட்டிக்கு மேல் ஒரு அம்புக்குறி போட்டார். அதைப் பார்த்த பிறகு அம்மா சமாதானமானாள்.

பக்கத்துக் கட்டிலில் தோள்பட்டைக்கு வந்திருந்த ஒரு அம்மாள், என் காலைப் பார்த்துவிட்டு, "பாத்ரூம்ல வழுக்கிட்டீகளா?" என்று இரக்கத்தோடு கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா நிமிர்ந்துவிட்டாள்.

"வழுக்கி விழுகுற காலா அது? எம்மக கபடி விளாண்டா. ரெண்டு பேரு இடுப்பக் கட்டி இழுக்குறாளுக, அம்புட்டையும் இழுத்துக்கிட்டுப் போயி கோட்டத் தொட்டுருச்சு!"

படிக்கிற வயதில் நான் தாவணியை மாற்றிக்கொண்டு விளையாடப் போன காலத்தில் இதே அம்மா என்னோடு வாரக்கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு. பிறத்தியார் வயலில் நாற்று நட்டுவிட்டு வந்து, என் ஜெர்சியை மட்டும் பேசாமலேயே துவைத்துக் காயப்போடுவாள். இப்போது அடிவாரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குச் சொந்தமாக வயல் இருக்கிறது. அதிலும் அவளேதான் நடுகிறாள். ஆள் வைக்கச் சொன்னால், நம்ம வயலுக்கு எதற்கு ஆள் என்பாள்.

தியேட்டருக்குள் குளிர். என்னை உட்காரவைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வளைக்கச் சொன்னார்கள். முதுகில் ஊசி போட்டதும் இரண்டு கால்களிலும் வெந்நீர் ஊற்றியதுபோல் ஒரு சூடு ஏறியது. அப்புறம் கனம். அப்புறம் ஒன்றுமில்லை. கட்டைவிரலை அசைக்க நினைத்தேன், அசையவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அந்த ஒரு கணம்தான் அன்று நான் நிஜமாகப் பயந்தது. மயக்க டாக்டர் கவனித்திருக்க வேண்டும். என் தோளில் கை வைத்து, "திரும்ப வந்துரும் மேடம். சாயங்காலத்துக்குள்ள உங்க கால உங்ககிட்டயே குடுத்துருவோம்" என்றார்.

மார்புக்குக் கீழே பச்சைத் துணியால் மறைத்திருந்தார்கள். தலைக்கு ஓரமாக ஒரு டிவி திரை. "பாக்குறீங்களா டீச்சர்?" என்று டாக்டர் கேட்டார். பார்க்கிறேன் என்றேன்.

முட்டிக்குள் தண்ணீரைச் செலுத்திக்கொண்டே கேமராவை விட்டிருந்தார்கள். கண்மாய்க்குள் முங்கிக் கண்ணைத் திறந்ததுபோல் இருந்தது. எலும்பின் முனை இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளை வெளேரென்று வழுவழுப்பாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஓரம் மட்டும் நனைந்த அப்பளம்போல் பிய்ந்து, தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அதுதான் பொங்கலன்று கிழிந்தது.

"தைக்க வேண்டியிருக்குமான்னு சந்தேகப்பட்டேன். தேவையில்ல. பிஞ்ச ஓரத்த மட்டும் சீவி எடுத்தாப் போதும்" என்றார். தைத்தால் மாதக்கணக்கில் கால் ஊன்ற முடியாது என்று முன்பே சொல்லியிருந்தார். நான் விட்ட மூச்சு அவருக்குக் கேட்டிருக்கும். "மத்ததெல்லாம் நல்லா இருக்கு. இத்தன வருஷம் ஓடுன முட்டின்னு சொல்லவே முடியாது" என்றவர், கருவியை நிறுத்தாமலே கேட்டார், "வராந்தாவுல உங்கம்மா ஒரு கூட்டத்தையே கூட்டி வச்சு மேட்ச் கதை சொல்லிட்டிருக்காங்க. முடிவக் கேக்குறதுக்குள்ள நான் உள்ள வந்துட்டேன். கடைசியில பாயிண்ட் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க டாக்டர். நாங்கதான் ஜெயிச்சோம்."

கத்தரிக்கோல் மாதிரி இருந்த கருவி பிய்ந்த இடத்தைக் கொரித்து எடுத்தது. வலியே இல்லை. அடுத்தவர் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் இது என்னுடையது, இந்த வெள்ளை வெளேரென்ற எலும்பு நான் இத்தனை ஓடியும் தேயாமல் வைத்திருந்தது என்று நினைத்தபோது, மல்லாந்து கிடந்த நிலையிலும் நெஞ்சு நிமிர்ந்தது.

வெளியே கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. முதலில் கட்டைவிரல், அப்புறம் பாதம் எறும்பு ஊறுவதுபோல். உணர்வு முழுதாக வரவேண்டும், கொஞ்சம் சாப்பிட வேண்டும், சிறுநீர் கழிக்க வேண்டும், நடந்து காட்ட வேண்டும், அப்புறம்தான் வீடு என்றார் சிஸ்டர். கண்ணை மூடிக்கிடந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்து, திரைக்கு அந்தப் பக்கம் தோள்பட்டை அம்மாளிடம் அம்மா தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"காலம்பூரா அடுத்தவுக வயல்லதேன் கெடந்தோம். நாத்து நடுவோம், களையெடுப்போம், வரப்புல நின்னு கூலி வாங்குவோம். இன்னைக்கு நாங்க கஞ்சி குடிக்கிற காணி, இந்தா கெடக்கே, இந்தக் காலு ஓடி வாங்குனது. நான் அப்ப திட்டுனேன். வெவரம் பத்தல."

என் முன்னால் அவள் இதைச் சொன்னதே இல்லை. நான் கண்ணைத் திறக்கவில்லை. சிஸ்டர் வந்து, "என்ன மேடம், வலிக்குதா? கண்ணுல தண்ணி வருது" என்று கேட்டுவிட்டார்.

"வலி இல்ல சிஸ்டர்."

ஒரு இட்லியும் டீயும் உள்ளே போனதும், வாக்கரைப் பிடித்து எழுப்பினார்கள். எழுந்ததும் அறை சுற்றியது. உட்கார்ந்துவிட்டேன். வேகமாக எழுந்தால் அப்படித்தான் ஆகும், அவசரமில்லை என்றார் சிஸ்டர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எழுந்தேன். கணவர் ஒரு பக்கம் நின்றார், பிடிக்காமல், ஆனால் பிடிக்கத் தயாராக. பாத்ரூம் வரைக்கும் போய்த் திரும்பினேன். கட்டு போட்ட காலை ஊன்றி நின்றபோது, தோள்பட்டை அம்மாள் நல்ல கையைத் தூக்கிக் காட்டினார்.

கூட்டாளியிடம் கார் வாங்கி வந்திருந்தார் கணவர். முன் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, காலை நீட்டிக்கொள்ள வைத்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் கார் நின்று நின்று ஏறியது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். "அடிக்கட்டும் மாப்ள, நீங்க மெதுவாப் போங்க" என்றாள் அம்மா. ராத்திரி, ஆஸ்பத்திரியில் போட்ட வலி மருந்தின் வேகம் விட்டதும் வலி வந்தது. சொன்னபடி மாத்திரை போட்டு, காலைத் தலையணைமேல் தூக்கி, துணியில் சுற்றிய ஐஸை வைத்துக்கொண்டேன். மறுநாள் சிஸ்டர் போன் செய்து காய்ச்சல் இருக்கிறதா, கட்டு நனைந்ததா, கெண்டைக்கால் வீங்கியதா என்று கேட்டார். எதுவும் இல்லை.

தையல் பிரித்து, சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைத் தவறாமல் செய்து, மறுபடி மைதானத்துக்குப் போன அன்று பிள்ளைகள் தழும்பைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். இரண்டு சின்னப் புள்ளிகள். "இம்புட்டுத்தானா மிஸ்?" என்று ஒருத்தி ஏமாந்துபோனாள். இன்னொருத்தி எனக்கு நாற்காலி எடுத்து வந்தாள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டு, சுண்ணாம்புப் பொடியை வாங்கி நானே குனிந்து நடுக்கோட்டைப் போட்டேன். கோடு நேராகத்தான் வந்தது.