ஏழு மணிக்குப் பூட்டும் கதவு

ஒருநாள் காலை அப்பா என்னைப் பார்த்து, "லாரி வந்துடுச்சா சார்?" என்று கேட்டார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. மண்டியில் மூட்டை தூக்குவதை விட்டு ஆறு வருடம் ஆகிறது. நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

டெலிரியம் (உடல்நோயால் திடீரென வரும் மனக்குழப்பம்) என்றார் டாக்டர். சிறுநீர்த் தொற்று ரத்தம் வரை பரவியிருந்தது. கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியிருந்தது.

மூன்றாம் நாள் அப்பாவுக்குத் தெளிந்தது.

"ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்க, பெரியவரே?" என்று டாக்டர் கேட்டார்.

"காலைல ரெண்டு டம்ளர் சார். மத்தியானத்துக்கு மேல தொடமாட்டேன்."

"ஏன்?"

"வாடகை வூடு சார், கக்கூசு கொல்லையில கீது. வூட்டுக்காரம்மா ஏழு மணிக்கே கொல்லைக் கதவப் பூட்டிடுவாங்க. மூணு வருசமா அடக்கிக்கினு படுக்கப் பழகிட்டேன்."

கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். அந்தப் பூட்டைப் பற்றி எனக்கும் தெரியும். நானும் அடக்கியவள்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான், விலங்கியலில் வகுப்பிலேயே முதல். சிறுநீரகத்தை வரைந்து, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கினேன். பக்கத்துப் பாயில் கெட்டுக்கொண்டிருந்த சிறுநீரகம் என் கண்ணில் படவில்லை. பட்டத்தின் மேல் இன்னும் எனக்குப் பெருமை உண்டு. அதை வாங்கிய மூளையின் மேல் இல்லை.

வயதானவர்களோடு வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 'பழகிவிட்டது' என்று அவர்கள் சொன்னால், அதையும் நோயின் அறிகுறியாக எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டு நாள் கழித்து வீடு திரும்பினோம். மருத்துவமனைப் பக்கமே எட்டிப் பார்க்காத வீட்டுக்காரம்மா, பஞ்சாங்கத்தோடு வாசலில் நின்றிருந்தார்.

"இன்னாம்மா, ஆளு இப்பிடி இளைச்சிட்டாரு? இந்த மாசம் நாளே சரியில்ல. அடைப்பு நட்சத்திரத்துல ஏதாச்சும் ஆயிட்டா ஆறு மாசம் வூட்டப் பூட்டிப் போடணும். தியாகதுருகத்துல உங்க சித்தி வூடு இருக்குதில்ல, அங்க கொஞ்ச நாளு வெச்சிக்கோயேன்."

சில நட்சத்திரங்களில் சாவு நேர்ந்தால் வீட்டை மாதக்கணக்கில் மூடி வைப்பார்கள். அதுதான் அடைப்பு. உயிரோடு வந்து எதிரில் நிற்கும் மனிதருக்கு அந்த அம்மாள் நட்சத்திரம் பார்த்து வைத்திருந்தார்.

"அவருக்கு ஒண்ணும் ஆவாதுங்க. கொல்லைச் சாவி ஒண்ணு குடுங்க, போதும்."

"சாவியா? திருடன் பூந்தா நீ பதில் சொல்லுவியா?"

"அப்ப எங்கப்பா மூத்திரம் போறதுக்கு எந்த நட்சத்திரம் நல்லதுன்னு அதுலயே பாத்துச் சொல்லிடுங்க."

அப்பா என் முழங்கையைப் பிடித்தார். "வுடு பாப்பா. நான் தண்ணி கம்மியாவே குடிச்சிக்கிறேன்."

அந்த அம்மாளைவிட அப்பாமேல்தான் எனக்கு அதிகம் எரிந்தது. காலி செய்கிறோம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

வீடு தேடிப் போன இடங்களிலெல்லாம் முதல் கேள்வி, "வயசானவங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. உங்க கக்கூசு கதவ யாரு பூட்டுவாங்க?" என்று நான் திருப்பிக் கேட்டேன். நான்கு பேருக்கு முகம் சுண்டியது. ஐந்தாவதாகப் பார்த்த மளிகைக்கடை பாய் சிரித்துவிட்டார். "உள்ளயே இருக்குதும்மா. போறவங்கதான் தாப்பா போட்டுக்கணும்."

அவர் வீட்டுக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. தொற்று போய்விட்டது. சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பாது என்கிறார் டாக்டர்.

இருட்டியதும் அப்பாவின் தொண்டை இன்னமும் தானாக மூடிக்கொள்கிறது. டம்ளரை நீட்டினால், "மணி இன்னா?" என்கிறார். எட்டு என்கிறேன். தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிறகு குடிக்கிறார்.