பால் காய்ச்சாத வீடு

நான் இருக்கிற ஊருக்கு ஒரே ஒரு சிக்னல்தான். ஷார்ஜாவிலிருந்து ஃபுஜைரா போகிற வழியில், மலை ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால், பேரீச்சந்தோட்டங்களுக்கு நடுவே கிடக்கிற ஊர். ஒரு பள்ளிவாசல், ஒட்டகத் தீவனம் விற்கிற கடை, ஒரு டீக்கடை, அதற்கு அடுத்து எங்கள் லாண்டரி. லாண்டரிக்குப் பின்னால் தகரக் கதவு போட்ட ரூமில் நானும் என்னோடு வேலை செய்கிற மலையாளி சேட்டனும் இருக்கிறோம். இங்கே துணி கொடுக்க வருகிற அரபிகள் வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள். வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள், நாங்கள் ஓடுவோம். எந்த ஹாரன் யாருடையது, அவர் போடுகிற நீள வெள்ளை அங்கிக்கு, அந்தக் கந்தூராவுக்கு, கஞ்சி எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவர்களுக்கும் என்னைத் தெரியும். ஆனால் எத்தனை வருஷம் இருந்தாலும் இந்த ஊரில் எனக்கென்று ஒரு செங்கல்கூட வாங்க முடியாது. அது தெரிந்துதான் இருக்கிறோம்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு அயர்ன் போடப் போனவன் நான். அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை. கடையைப் பூட்டிவிட்டு நாலடி நடந்ததும் அயர்ன் பாக்ஸை அணைத்தேனா என்று சந்தேகம் வரும். திரும்பிப் போய்ப் பார்ப்பேன். அணைத்துத்தான் இருக்கும். மறுபடி பூட்டுவேன், மறுபடி சந்தேகம் வரும்.

"எடா, நீ ஆஃப் செஞ்சத நான் கண்டதாணு. நீ வர்றியா, இல்ல அயர்ன் பாக்ஸக் கூட்டிட்டு வர்றியா?" என்று சேட்டன் சிரிப்பான்.

வீடு வாங்கியதும் இப்படிப் பயந்து பயந்துதான். என் மனைவி என் அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். ஒரு அடுப்பு, இரண்டு பெண்கள். அவள் சண்டை போட்டுச் சொல்ல மாட்டாள். "இன்னிக்கு நான் குழம்பு வைக்கல, அவங்க முறை," என்று மட்டும் சொல்வாள். அதில் எனக்கு எல்லாம் புரிந்துவிடும். அதனால் கிராமத்தில் வேண்டாம், அரியலூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குக் கிட்ட இருக்கிற சின்ன டவுனில் ஒரு வீடு பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய்த் தெருவெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும் ஊர்தான். ஆனாலும் பஸ் நிற்கும், ஆஸ்பத்திரி உண்டு, மேல்நிலைப்பள்ளி உண்டு.

வீட்டை நான் போனில்தான் பார்த்தேன். மனைவியின் தம்பி, என் மச்சான், வீடியோ காலில் ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டு போனான். "மாமா, இது ஹாலு. இது கிச்சன். குழாயத் தொறக்கறேன் பாருங்க, தண்ணி எப்படிக் கொட்டுது!" பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கத் தெரு. ஓட்டு வீடு இல்லை, நல்ல மெத்தை வீடு. வாடகைக்கு ஒரு குடும்பம் இருந்தது, அம்மாவும் ஒரே பெண்ணும். உள்ளறையை மச்சான் காட்டியபோது அந்தப் பெண் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றது. சுவரில் தரையிலிருந்து கை எட்டுகிற உயரம் வரைக்கும் பென்சிலால் ஏதேதோ எழுதியிருந்தது. எழுத்தும் எண்ணும் சின்னச் சின்னக் கோடுகளுமாக இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அது என்னடா சுவத்துல?"

"கெமிஸ்ட்ரியாம் மாமா. புள்ள பிளஸ் டூ. படுத்துக்கிட்டே பாத்துப் படிக்குமாம்."

பெயிண்ட் அடிக்கும்போது இரண்டு கோட்டிங் போடச் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

மச்சானுக்குப் பவர் எழுதிக் கொடுத்துப் பத்திரப்பதிவு முடிந்தது. மறுநாளிலிருந்து டீக்கடையில் ஆரம்பித்துவிட்டார்கள். "வாடகைக்கு ஆள வச்சுக்கிட்டே வாங்கிட்டியா? போச்சு போ. நீ இங்க கந்தூரா தேய், அவன் அங்க உன் வீட்டுல பேரன் பேத்தி எடுப்பான்," என்றார் தோட்டத்தில் வேலை செய்கிற தஞ்சாவூர்க்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நான் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். கார்த்திகையில் எனக்கு லீவு. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற லீவு. அந்த மாதத்துக்குள் பால் காய்ச்சாவிட்டால் மார்கழி வந்துவிடும், மார்கழியில் யாரும் குடிபோக மாட்டார்கள். தையில் நான் இங்கே திரும்பியிருப்பேன். ஆகவே ஐப்பசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லு என்று மச்சானிடம் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். ஹாரன் அடிக்காமல் ஒருவர் வந்து நிற்பதே இங்கே அபூர்வம். தேய்த்த சட்டை, கையில் ஒரு துணிப்பை.

"அண்ணே, நான் உங்க வீட்ல வாடகைக்கு இருக்கறவங்களோட வீட்டுக்காரரு. ஷார்ஜாவுல கேம்ப்ல இருக்கேன். ஷட்டரிங் வேல. நம்பர் இருந்துச்சு, ஆனா நேர்ல வந்து பேசறதுதான மரியாத."

நான் அயர்ன் பாக்ஸை அணைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். சேட்டன் டீ வாங்கப் போனான். அவர் ஸ்டூலில் உட்காராமல் துணிப்பைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"புள்ளைக்கு மார்ச்சுல பரிச்சைண்ணே. அதுவரைக்கும் வுட்டீங்கன்னா போதும். பரிச்ச முடிஞ்ச மறுநா சாவிய நானே குடுக்கச் சொல்றேன்."

பேரன் பேத்தி என்று தஞ்சாவூர்க்காரர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் ஒரே ஒரு காரணம்தான் சொன்னேன். "கார்த்திகையில எனக்கு லீவுங்க. அத விட்டா ரெண்டு வருஷம். அதுக்குள்ள பால் காச்சணும்."

இன்னும் கொஞ்சம் கெஞ்சுவார், சண்டை போடுவார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"லீவா? அப்ப சரிண்ணே. லீவு என்ன சும்மாவா கெடைக்குது," என்றார். ஊரில் யாராவது கேட்டிருந்தால், லீவைத் தள்ளிப்போடேன் என்று சுலபமாகச் சொல்லியிருப்பார்கள். அவர் இங்கே இருக்கிறவர் என்பதால்தான் அப்படிச் சொல்லத் தெரியவில்லை. அதுதான் எனக்கு வசதியாகவும் போனது. டீ குடித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "ஊருக்குப் போறீங்கல்ல, எடம் இருந்தா இத மட்டும் கொண்டுபோயிருங்கண்ணே. சார்ஜ் லைட்டு. கரன்ட் போனா புள்ள படிக்க. கனம் இல்ல, பாருங்க, கையில புடிச்சுப் பாருங்க."

லீவில் போகிறவனிடம் பார்சல் கொடுப்பது இங்கே வழக்கம். வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. நானும் வாங்கிக்கொண்டேன். யாரை வீட்டை விட்டு அனுப்பப் போகிறேனோ அவளுக்கு வெளிச்சம் கொண்டுபோவதாக ஒப்புக்கொண்டு பொட்டலத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

ஐப்பசியில் அவர்கள் காலி செய்தார்கள். டவுனில் வேறு வீடு கிடைக்காமல், பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு கிராமத்துக்குப் போனதாக மச்சான் சொன்னான். "ஒரு சத்தம் போடல மாமா. கூட்டிப் பெருக்கிட்டு, சாவியத் தொடச்சுக் குடுத்தாங்க." பெயிண்ட் அடித்தார்கள். இளம்பச்சை. உள்ளறைச் சுவரில் பென்சில் தெரிகிறதா என்று கேட்டேன். ஒன்றுமே தெரியவில்லை என்றான்.

நான் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தபோது சேட்டனின் அப்பா விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. அவன் அழுதுகொண்டே ஊருக்குக் கிளம்பினான். கடைக்கு ஒரு ஆளாவது இருந்தாக வேண்டும். முதலாளி வண்டியிலிருந்தபடியே கண்ணாடியை இறக்கி, "இஜாசா மாஃபி. பாதீன்," என்றார். லீவு இல்லை, அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சேட்டன் மேலும் வரவில்லை. சுடச்சுட மடித்துக்கொண்டிருந்த கந்தூராவில் கையை வைத்தபடி அப்படியே நின்றேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிற பொட்டலம்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

நீ மட்டுமாவது பால் காய்ச்சிக் குடி போ என்று மனைவியிடம் சொன்னேன்.

"நல்லாச் சொன்னீங்க. மணையில நான் தனியா உக்காரணுமா? புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில, தனியா உக்காந்து பாலக் காச்சறதப் பாத்து ஊரு என்ன பேசும்?" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். மார்கழி வந்தது. வீடு பூட்டியே கிடந்தது.

ஷார்ஜாக்காரருக்கு நான் எதுவும் சொல்லவில்லை. போனை எடுப்பேன், வைப்பேன். பொட்டலத்தை எடுத்துத் தூசி தட்டி மறுபடி உள்ளே தள்ளுவேன்.

ஒரு நாள் மனைவி கூப்பிட்டாள். புது வீட்டைப் பெருக்கிவிட்டு வரலாம் என்று சாயங்காலம் போயிருக்கிறாள். வாசற்படியில் அந்தப் பெண் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்ததாம்.

"என்னம்மா இங்கன்னு கேட்டேன். அவங்க ஊரு பஸ்ஸு ஆறரைக்குத்தானாம். ஸ்கூல் கேட்ட மூடிருவாங்களாம். பஸ் ஸ்டாண்டுல பசங்க தொல்ல. அதான் இங்க உக்காந்திருக்கேன்க்கா, இப்ப எந்திரிச்சுடறேன்னு புத்தகத்த வாரிக்கிட்டு எந்திரிச்சுருச்சுங்க. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு."

எனக்கும்தான். அன்றைக்குக் கந்தூரா ஒன்றைக் கருக்கிவிட்டேன். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஷார்ஜாவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, என்ன விஷயம்?" பின்னால் சுத்தியல் சத்தம்.

"நான் ஊருக்குப் போகலைங்க. லீவு கேன்சலாயிருச்சு. வீடு பூட்டித்தான் கிடக்கு."

"தெரியும்ணே. புள்ள சொல்லுச்சு."

"தெரிஞ்சும் ஏங்க ஒரு வார்த்த கேக்கல?"

"லீவு கேன்சலானவருகிட்ட என்னண்ணே கேக்கறது? நீங்களே நொந்து போயிருப்பீங்க."

அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கே திரும்பி வந்துவிடுங்கள், பரீட்சை முடிகிறவரை, அதற்கு மேலும் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் என்று கடகடவென்று சொன்னேன்.

"வேணாம்ணே. ஒரு தடவ சாமானத் தூக்குனதுக்கே எம் பொஞ்சாதி படுத்துட்டா. அங்கயும் பால் காச்சி உக்காந்துட்டாங்க. அடுத்தடுத்து வீடு மாத்துனா புள்ளைக்கும் புத்தி நிக்காது. அந்த லைட்ட மட்டும், யாராச்சும் ஊருக்குப் போனாக் குடுத்து வுடுங்க. நீங்க பேசுனதே பெருசு. ரொம்ப நன்றிண்ணே."

நன்றி என்கிற வார்த்தை அதற்கு முன்னால் என்னை அப்படிச் சுட்டதில்லை.

தஞ்சாவூர்க்காரர் லீவில் போனபோது லைட்டை அவரிடம்தான் கொடுத்தனுப்பினேன். யாருக்கு என்று அவர் கேட்டார். வாடகைக்காரர் பெண்ணுக்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்தார்.

மீதியை என் மனைவியே முடிவு செய்துவிட்டாள். ஒரு சாவியை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, பஸ் வருகிறவரை உள்ளே உட்கார்ந்து படி என்று சொல்லிவிட்டாளாம். பால் காய்ச்சாத வீட்டில் வேறு வீட்டுப் பிள்ளையை உட்கார வைக்கலாமா என்று அண்ணி கேட்டிருக்கிறாள். "படிக்கிற புள்ள உக்காந்தா அது என்ன தீட்டா?" என்று திருப்பிக் கேட்டாளாம் இவள். அந்தப் பேச்சோடுதான் அதே அடுப்படியில் முறை பார்த்துக் குழம்பு வைக்க வேண்டும். அதையும் நான்தான் அவள் தலையில் கட்டினேன்.

போன வாரம் வீடியோ காலில் காட்டினாள். உள்ளறையில் ஒரு பிளாஸ்டிக் சேர், ஜன்னல் திட்டில் சார்ஜில் கிடக்கிற அந்த லைட். பெண் பஸ்ஸுக்குப் போயிருந்தது. ஃபேனை அணைத்துவிட்டுத்தான் போனதா என்று என்னையறியாமல் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அணைத்திருந்தது. நாலு பக்கமும் சுவர் பச்சையாக, துடைத்துவிட்டது போல இருந்தது.

"முன்ன மாதிரி சுவத்துல எழுதிக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

"சொன்னேங்க. மாட்டேங்குது."

"ஏனாம்?"

"புதுப் பெயிண்டுல எப்படிக்கா எழுதறதுங்குது. அங்கிள் ஆசையா அடிச்சுருப்பாங்கல்ல, அவங்க வந்து பாக்கட்டும்னுச்சு."

வெளியே ஹாரன் அடித்தது. வெள்ளை லேண்ட் குரூசர்க்காரர், கஞ்சி கூடுதலாக வேண்டும் என்பவர். போனை அப்படியே மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோதும் மனைவி சுவரைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள்.