டிசெக்ரிகேஷன் என்றால் யாரை நீக்குவது?

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் நகரில், கோலியர்ஸ் வுட் பகுதியில் ஒரு புதிய அடுக்குமாடித் தொகுதி. வீடு வாங்கியவர்களின் பிள்ளைகளுக்குப் புல்வெளியும் ஊஞ்சலும் இருந்தன. வாடகைக்கு இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு நடுவிலிருந்த வேலிக்கு இப்பால் வெறும் சீமெந்துத் தரை. குடியிருப்பவர்கள் கூட்டத்தில் வாக்களித்துச் சம்மதித்தால் வேலியை எடுத்துவிட நிர்வாகம் தயாராக இருந்தது. எனக்கோ அப்போது இது ஒன்றும் தெரியாது. வாடகை வீட்டுத் தமிழர்களுக்கு மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

நிர்வாகத்தின் சார்பில் பேச வந்த அதிகாரி எடுத்த எடுப்பில், இது டிசெக்ரிகேஷன் திட்டம் என்றார். வேலி என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. அமெரிக்காவில் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிகளை ஒன்றாக்கியபோது புழங்கிய சொல் என்பது மட்டும் எனக்கு நினைவிருந்தது. “பிரிவினை நீக்கத் திட்டம்” என்றேன்.

முன்வரிசையில் இருந்த மலர் எழுந்துவிட்டாள். வன்னிப் போரில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து வந்தவள்.

“ஆரை நீக்கப் போகினம் அக்கா? எங்களையோ?”

“வீட்டால எழுப்பப் போறாங்கள் போல,” என்றது பின்னால் ஒரு குரல். சிலர் எழுந்து போகக் குளிர்கோட்டுகளைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் போய்விட்டால் வாக்கெடுப்பே இல்லை. நானாக விளக்கம் சொல்ல எங்கள் தொழிலில் அனுமதியும் இல்லை.

கையை உயர்த்தினேன். “மொழிபெயர்ப்பாளர் விளக்கம் கேட்கிறார். அந்தச் சொல் இல்லாமல், என்ன நடக்கும் என்று சொல்லுங்கள்,” என்று, எங்கள் தொழில் முறைப்படி என்னையே படர்க்கையில் குறித்து, ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் முகம் சிவந்தது. “இரண்டு முற்றத்துக்கும் நடுவிலுள்ள வேலியை எடுப்போம். யாரும் வீடு மாறத் தேவையில்லை.”

அதைத் தமிழில் சொன்னதும் கோட்டுகள் மடிக்குத் திரும்பின. மலர் மட்டும் உட்காரவில்லை.

“அப்ப, முதல்ல எங்கட பிள்ளையளைப் பிரிச்சு வைச்சது ஆர் எண்டு கேளுங்கோ.”

அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் கேட்டேன்.

“நாங்கள்தான்,” என்றார் அதிகாரி.

அதையும் அப்படியே சொன்னேன். மலர் உட்கார்ந்தாள். பிறகுதான் வேலியை எடுக்கச் சம்மதம் சொல்லிக் கைகள் உயர்ந்தன.

பிரிவினை தானாக முளைப்பதில்லை. அதை நீக்குகிறோம் என்று ஒருவர் சொன்னால், யார் யாரைப் பிரித்தார்கள், இனி எது போகும், யார் இருப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். பயந்திருக்கும் சனத்துக்கு அகராதிச் சொல் உதவாது.