பிந்தி வந்த கொய்னா

கான்வென்ட் பள்ளியில் ஆங்கிலப் பழமொழிகளை ராகம் போட்டுச் சொல்வோம். அவற்றில் ஒன்று 'பெட்டர் லேட் தேன் நெவர்'. வராமலே போவதற்குப் பிந்தியாவது வருவது மேல். கல்யாணமாகிச் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்த பிறகு அது எங்கள் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. என் கணவர் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. எதற்கும் நேரத்தோடு வரமாட்டார். ஆறிப்போன சோற்றின் முன்னால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அதைச் சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்த பிறகு வெளியில் ஆங்கிலம் பேசவே பயம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தார். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் கட்டில்கள் இருந்தன, மருந்து இல்லை. கால்வாய்க்கு எண்ணெய் தெளிக்க ஆளில்லாமல் கொசு பெருகியது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று மெலிந்திருந்த பிள்ளைகளைத்தான் மலேரியா முதலில் பிடித்தது.

என் மகன் அப்போதுதான் வார்த்தை கூட்டிப் பேச ஆரம்பித்திருந்தான். அவனுக்குக் காய்ச்சல் வந்த அதே வாரம் பக்கத்து வீட்டு அக்காவின் மகளும் படுத்துவிட்டாள். அக்கா ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவர். அவர் புருஷனும் சயாமுக்குப் போனவர்தான். ஒரு சேதியும் இல்லை.

பண்டார் பாரு டவுனில் ஒரு சீனர் கடையில் மலேரியாவுக்கான கொய்னா மாத்திரை ஒளித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். என் கணவர் மருந்துக்கு மாற்றாகக் கொடுக்க எனது கல்யாணப் பட்டுப் புடவையைச் சாக்கில் சுருட்டிச் சைக்கிளில் கட்டினார். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் ரப்பர் குழாயைச் சுற்றியிருந்தார்.

"நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன். தண்ணி மட்டும் குடுத்துக்கிட்டே இரு."

"சீக்கிரம் வாங்க" என்றேன்.

மறுநாள் பொழுது சாய்ந்தது. அவர் வரவில்லை. அடுத்த நாள் காலையில் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. என் மடியிலேயே அடங்கிப்போனான். அக்கா தன் மகளைத் தனியாக விட்டுவிட்டு ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒம் வீட்டுக்காரரு இன்னும் வரலியேம்மா. இந்த வெயில்ல எவ்வளவு நேரம் வெச்சிருக்கிறது?"

மத்தியானம் எங்கள் லயத்து வீடுகளில் இருந்த ஆட்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போய் ரப்பர் காட்டு ஓரத்தில் அடக்கம் செய்தார்கள். அக்கா அவன் படுத்திருந்த பாயை அலசி வேலியில் போட்டார்.

விளக்கேற்றும் நேரத்தில் சைக்கிள் சத்தம் கேட்டது. வழியில் ஒரு பாலத்தில், சரியாகக் குனிந்து வணங்கவில்லை என்று ஜப்பான் சிப்பாய் அவரை நாள் முழுக்க வெயிலில் முட்டி போட வைத்திருக்கிறான். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது அவர் முகம் மட்டும்தான். அத்தனை சந்தோஷம். நொண்டிக்கொண்டே வந்து காகிதப் பொட்டலத்தை நீட்டினார்.

"கெடச்சிருச்சு! பெட்டர் லேட் தேன் நெவர், என்ன?"

சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் தரையைப் பார்த்தார்.

"எங்க?"

"மத்தியானம் கொண்டுபோயிட்டாங்க."

அவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். திடீரென்று எழுந்து பொட்டலத்தைச் சாக்கடையில் எறியக் கையை ஓங்கினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு. இனிமே இது எதுக்கு?"

"பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு இன்னும் மூச்சு இருக்குங்க."

இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்தது பலகைச் சுவர். அக்கா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஆனாலும் வந்து கேட்கவில்லை. நான் பொட்டலத்தோடு போய் நின்றதும் பின்வாங்கினார்.

"ஒம் புள்ளைக்கு வந்த மருந்தும்மா இது. நான் எப்படி வாங்குவேன்?"

"லேட்டாத்தான்க்கா வந்துச்சு. வராமயே போயிடலையே. தண்ணி கொண்டாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. பள்ளிக்கூடத்தில் இந்தப் பழமொழியை நல்ல சேதி என்று நினைத்திருந்தேன். பிந்தி வருவது நல்லது என்று அதில் எங்கேயும் இல்லை. வராமல் போவது அதைவிட மோசம் என்கிறது, அவ்வளவுதான். யாருக்கு மேல் என்றும் அது சொல்லவில்லை. என் கணவர் அதற்குப் பிறகு அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கசப்புத் தாங்காமல் அந்தச் சின்னப் பெண் துப்பினாள். மாத்திரையை நுணுக்கிக் கருப்பட்டியில் குழைத்து ஊட்டினோம். சில நாள் இழுத்துப் பறித்த பிறகு வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. ஒரு காலையில் "கஞ்சி குடும்மா" என்றாள். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு எதையோ எடுக்கப் போவதுபோல வீட்டுப் பின்பக்கம் போனார். அவர் அழுவது எனக்குக் கேட்டது. என் முன்னால் சந்தோஷப்பட அவரால் முடியவில்லை.

நான் வீட்டுக்கு வந்தேன். என் கணவர் மகனின் சட்டைகளைத் துவைத்துக் கயிற்றில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். காலரைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டார்.

"காஞ்சதும் எடுத்து வெச்சிக்கலாமா, இல்ல யாருக்காவது குடுத்துடலாமா?"

நான் மிச்சமிருந்த சட்டையைப் பிழிந்து அவரிடம் கொடுத்தேன். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சட்டைகளை எடுக்க நாங்கள் இரண்டு பேருமே எழுந்து போகவில்லை.