கவிழும் நம்பர் பிளேற்

அக்காவின் கணவருக்கு யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் சாமான்கள் விற்கும் கடை இருந்தது. எண்பத்து மூன்றாம் ஆண்டு, ஆடிக் கலவரத்துக்கு முன், அவர் புதிதாக ஒரு சாமான் செய்வித்தார். பிணைச்சல் வைத்த நம்பர் பிளேற். ஹான்டிலுக்குப் பக்கத்தில் ஓடும் கம்பியை இழுத்தால் அது மடிந்து சீற்றுக்குக் கீழே மறைந்துவிடும். வேகமாகப் போகிறவர்களைப் பொலிஸ்காரர் அப்போது கைகாட்டி மறிப்பார்கள். நிற்காமல் பறந்தால் நம்பரைக் குறித்துக்கொண்டு வீடு தேடி வருவார்கள். குறிப்பதற்கு நம்பரே தெரியாவிட்டால் எங்கே தேடுவது?

நான் ஒரு சட்டத்தரணியிடம் தட்டெழுத்து வேலை செய்துகொண்டிருந்தேன்.

"உம்மடை லோயர் ஐயாவை ஒருக்கால் கேட்டுச் சொல்லும்," என்றார் அத்தான். "இதை வித்தால் என்னைப் பிடிப்பினமோ?"

ஐயா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "விக்கிறதைத் தடுக்கிற சட்டம் எனக்குத் தெரிஞ்சு இல்லை. அதைப் பூட்டி றோட்டிலை ஓடினால்தான் குற்றம். ஆனால் பிள்ளை, எதுக்கு வாங்குறாங்கள் எண்டு விக்கிறவருக்குத் தெரியுந்தானே?"

முழுவதையும் அத்தானிடம் சொன்னேன். "விக்கலாம் எண்டு சொல்லிப்போட்டார்," என்று அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். மிச்சம் அவர் காதில் ஏறவேயில்லை.

சில மாதங்களில் எங்கள் சண்டிலிப்பாய் ஒழுங்கையில் குடியிருந்த மாமி ஒருவரை மோட்டார் சைக்கிள் அடித்துவிட்டுப் போனது. போத்தலில் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு றோட்டோரமாக வந்துகொண்டிருந்தவர். தொடையெலும்பு முறிந்துவிட்டது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் பின்னால் ஓடிப் பார்த்திருக்கிறார்.

"அவன் குனிஞ்சு எதையோ இழுத்தவன், தங்கச்சி," என்றார் என்னிடம். "நம்பர் மேலை மடிஞ்சு போச்சு. என்ரை கண்ணாலை பாத்தன்."

நேரே கடைக்குப் போனேன். ஆருக்கு விற்றீர்கள் என்று அத்தானைக் கேட்டேன்.

"பேர் பதிஞ்சு கூப்பனுக்கு விக்க இது என்ன சங்கக்கடையே?" பிறகு குரலைத் தணித்து, கண்ணைச் சிமிட்டினார். "ஆனால் பாத்தீரே, சாமான் திறமாய் வேலை செய்யுது."



மறுநாள் ஆஸ்பத்திரியில் மாமியின் கட்டிலருகே நான் நின்றபோது அத்தானும் வந்தார். கையில் ஒரு பை நிறைய முந்திரிகைப்பழம், கறுத்த திராட்சைக் குலைகள். "கவலைப்படாதேங்கோ, கடவுள் இருக்கிறார்," என்று மாமியின் கையைத் தடவினார். மாமி அழுதார். "ஊரிலை இவ்வளவு சனம் இருந்தும் நீங்கள்தான் தம்பி பாக்க வந்தனீங்கள். நல்லாய் இருப்பியள்," என்றார். அத்தான் அந்த வாழ்த்தை நெளிவில்லாமல் வாங்கிக்கொண்டு நின்றார். அந்தப் பழத்தின் வாசம் எனக்குச் சகிக்கவில்லை.

அவர் போனதும் எல்லாவற்றையும் மாமியிடம் சொன்னேன்.

"அப்ப ஓட்டினவன் ஆரெண்டு அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாதாம்."

"தெரிஞ்சுகொள்ள விருப்பமில்லை எண்டு சொல்லு." பையை எடுத்து என் கையில் திணித்தார். "இதைக் கொண்டுபோய் எங்கையாவது எறி பிள்ளை."

வாசலிலிருந்த குப்பைவாளியில் போட்டேன்.

அன்று பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனேன். சோற்றைப் போட்டுக்கொண்டே அக்கா சொன்னார்: "அவர் சட்டத்துக்கு விரோதமாய் ஒண்டும் செய்யேல்லையே. நீதானே கேட்டு வந்து சொன்னனி?" சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் கை நனைக்கவில்லை.

நம்பர் தெரியாமல் வழக்குப் போட முடியாது என்று ஐயா கைவிரித்துவிட்டார். அத்தான் தொடர்ந்து விற்றார். மாமியின் கதை பரவியதில் அதைக் கேட்டு வாங்க வருகிறவர்கள் இன்னும் கூடினார்கள். நாட்டு நிலைமை மாறி, றோட்டில் மறிக்கப் பொலிஸ்காரரே இல்லாமல் போன பிறகுதான் அந்த வியாபாரம் படுத்தது. மாமி ஊன்றுகோலோடு நடமாடத் தொடங்கினார். ஒருநாள் அத்தான் றோட்டில் அவரைக் கண்டு, மோட்டார் சைக்கிளை நிறுத்திச் சுகம் விசாரித்தாராம். மாமி அவருடைய முகத்தைப் பார்க்காமல், சுற்றிப் பின்பக்கம் போய் நம்பர் பிளேற்றை ஊன்றுகோலால் தட்டிப் பார்த்துவிட்டு நடந்தாராம்.