மூன்றாவது ஓலைக்கு முந்தைய சனிக்கிழமை

யோசனை தோன்றியது வியாழக்கிழமை மாலை, மணவாள நகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், காய்ந்த துணி எடுக்கப் போன இடத்தில். அணுகுண்டு வைத்திருக்கும் பக்கத்து நாட்டோடு போர் வருமா வராதா என்று எல்லாச் சேனல்களும் கத்திக்கொண்டிருக்கும் வாரம் இது. வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால், அங்கே குண்டு விழுந்தால் எதுவரை எரியும் என்று வட்டம் போட்டுக் காட்டும் இணையதளம் ஒன்று கையில் கிடைத்திருந்தது. சென்னைத் துறைமுகத்தைத் தொட்டேன். எங்கள் வீடு வட்டத்துக்கு வெளியே. அற்ப சந்தோஷம். விரலை வடக்கே நகர்த்தினேன். வட்டத்தின் ஓரம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தெருவில் போய் உட்கார்ந்தது. பத்து வயது வரை நான் வளர்ந்த தெரு.

அந்த நேரம் பார்த்து அதே தெருவிலிருந்து மெர்சியின் குரல் பதிவு.

“கயலு, அருளுக்கு லீவு கேன்சல் ஆயிட்ச்சுடி. சனிக்கெழமை கெளம்புறான். ரெண்டு ஓலை படிச்சாச்சு, மூணாவது வேணாம், நிறுத்திடலாம்ன்றான். நீ ஃபிசிக்ஸ் படிச்சவதான? போர் வருமா வராதா, கரெக்ட்டா சொல்லு.”

அருளும் மெர்சியும் நானும் ஒரே வகுப்பு. அருள் இப்போது ராணுவத்தில்; அவனுக்கும் மெர்சிக்கும்தான் கல்யாணம். அவர்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பெண் பெயரை வாசித்து, ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்பார்கள். அதுதான் ஓலை. இரண்டு முடிந்திருந்தது.

ஃபிசிக்ஸில் இதற்குச் சூத்திரம் கிடையாது. ஆனால் கால் சும்மா இருக்குமா? நேரில் போவது, வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போவது, ஒரு பதிலோடு மெர்சியின் முன்னால் நிற்பது என்று முடிவு செய்தேன். சென்னை வழியாக ரயிலில் போனால் சுலபம். சுலபமான வழியில் பேச ஆள் கிடைக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை 6.40. திருவள்ளூர் பேருந்து நிலையம். ஊத்துக்கோட்டைக்கு இருபத்தைந்து ரூபாய் டிக்கெட். நோட்டைத் திறந்து நடத்துநரிடம் முதல் கேள்வியைப் போட்டேன்.

“அண்ணே, போர் வருமா? நூத்துக்கு எவ்ளோ சான்ஸ்?”

“இன்னாம்மா நீ, காலங்காத்தால! அஞ்சு ரூபா சில்லறை வருமான்னு நானே பேஜாரா நின்னுக்கினு இருக்கேன்.”

பின் இருக்கையில் விதைநெல் மூட்டையோடு இருந்தவர் மட்டும், “வராது, நாத்து உட்டாச்சு” என்றார், இரண்டும் ஒரே துறையின் கையில் இருப்பதுபோல.

8.00. ஊத்துக்கோட்டை. இரண்டு இட்லி, ஒரு வடை, முப்பது ரூபாய். சத்தியவேடுக்கு ஷேர் ஆட்டோ, அதுவும் முப்பது. கொஞ்ச தூரத்தில் கடைப் பலகைகளின் எழுத்து வட்டமாகிவிட்டது, ஆந்திராவுக்குள் வந்துவிட்டோம். யாரும் எதையும் கேட்கவில்லை. ஓர் எல்லையை இப்படி மிக்சர் தின்றுகொண்டே கடக்கலாம் என்றால், இன்னோர் எல்லையில் ஏன் முடியவில்லை?

ஓட்டுநரிடம் கேட்டேன். வண்டியை நிதானப்படுத்திக்கொண்டு யோசித்தார்.

“எங்க நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் முப்பது வருசம் வரப்புத் தகராறு பாப்பா. ரெண்டு பேரு ஊட்லயும் அருவா இருந்துச்சி. அந்த பயத்துலயே ஒருத்தரும் எடுக்கல.”

“அப்போ வராதுன்றீங்க.”

“இரு, முடிக்கல. ஒரு நாளு சித்தப்பா தேங்கா வெட்ட அருவாளத் தூக்கினு வந்தாரு. நைனா தப்பா நெனச்சிட்டாரு. பதினாறு தையலு.”

நோட்டில் எந்த எண்ணையும் எழுத முடியவில்லை. அணுகுண்டைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எதுவும் இத்தனை தெளிவாகச் சொன்னதில்லை.

10.10. மாதர்பாக்கம் வழியாகக் கும்மிடிப்பூண்டி. இருபத்தைந்து ரூபாய். இறங்கியதும் மூக்கு முதலில் ஊருக்குள் போய்விட்டது. சூடான இரும்பும் ஈர மண்ணும் கலந்த வாசனை. வெள்ளைச் சட்டை போட்டால் மாலைக்குள் காவியாகும் தெரு. எங்களுக்குக் கடிகாரம் ஆலைச் சங்குதான். இரண்டு மணிச் சங்குக்கு அப்பாக்கள் மாறுவார்கள், எங்கள் விளையாட்டின் சட்டமும் மாறும். இரவு ஷிஃப்ட் அப்பா தூங்கும் வீட்டு வாசலில் கத்தக் கூடாது. ஆகவே எல்லோரும் ரயில்பாதை ஓரத்துக்கு ஓடுவோம். அங்கே ஒரே ஆட்டம். வடக்கே போகும் எக்ஸ்பிரஸ்கள் நிற்காமல் பறக்கும். நாங்கள் கை ஆட்டுவோம். யாராவது திருப்பி ஆட்டினால் ஒரு புள்ளி. ஒரு வண்டிக்கு மூன்று கை கிடைத்தால் அன்று திருவிழா. மெர்சிதான் எப்போதும் ஜெயிப்பாள். அவள் இரண்டு கையாலும் ஆட்டுவாள்.

அருளின் வீட்டில் பச்சைப் பெட்டி கட்டி வாசலில் நின்றது. அவன் அப்பா சவரிமுத்து மாமா தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வா கயலு. குண்டு போட வராங்கன்னு ஜனம் பீதியாவ வேணாம்னு இந்த வாரம் ஆலைல சங்கு ஊதல. நேத்து ஷிஃப்ட்டுக்கு முக்கா மணி லேட்டு. இருவத்தஞ்சு வருசத்துல மொத தடவ.”

உள்ளே மெர்சி அருளுக்குக் கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். தெருவே வந்து அவனை விசாரித்துப் போயிருந்தது, நானும் கேட்டுவிட்டேன்.

“எனக்கு மட்டும் தனியா போன் பண்ணி சொல்வாங்களாடி? நீ பாக்குற டிவியதான் நானும் பாக்குறேன்.” பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “வராதுன்னே வையி. வந்துட்டா? மூணு ஓலையும் படிச்சப்புறம் நான் திரும்பி வரலன்னா இவள ஊரு இன்னான்னு கூப்டும்? ரெண்டோட நிக்கட்டும்.”

“ஃபாதர கேட்டுட்டேன்டா,” என்றார் மாமா. “மூணும் படிச்சிட்டா சில மாசம் செல்லும். உனக்கு ரெண்டு நாளு லீவு கெடச்சாலும் நேரா கல்யாணம். நிறுத்திட்டா மறுபடி மொதல்லேர்ந்து.”

அருள் அசையவில்லை. மெர்சி என்னைப் பார்த்தாள்.

“கயலு, நீ சொல்லு. எவ்ளோ சான்ஸ்?”

நோட்டைத் திறந்தேன். நாத்து, அரிவாள், சில்லறை. “தெரியலடி,” என்றேன். அத்தனை கிலோமீட்டர் வந்து சொல்ல வெட்கமாக இருந்தது.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்போ நானே சொல்றேன். ஓலை எதுக்குப் படிக்கிறாங்க? ஆட்சேபம் இருந்தா சொல்றதுக்கு. ஒனக்கு இருக்குதா, நாளைக்குக் கோயிலுக்கு வா. எழுந்து நின்னு சொல்லு. ரயில்ல ஒக்காந்துக்கினு சொல்லக் கூடாது.”

மாமா சிரிப்பை அடக்க முற்றத்துக்குப் போனார். அருள் வெகுநேரம் சோற்றைப் பிசைந்தான். பிறகு, “இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து,” என்றான்.

1.50. மின்சார ரயில். வேடிக்கை என்னவென்றால், வடக்கே போக அவன் முதலில் தெற்கே சென்னைக்குப் போக வேண்டும். அங்கே ஏறும் எக்ஸ்பிரஸ் அவனை மறுபடி சொந்த ஊர் வழியாகவே, நிற்காமல், இழுத்துக்கொண்டு போகும். “வாசல்லயே நிப்பேன், பிளாட்பாரம் பக்கம்,” என்று சொல்லி ஏறினான். மெர்சி கை ஆட்டவில்லை. “அத சாயங்காலத்துக்கு வெச்சிக்கினு இருக்கேன்,” என்றாள்.

6.35. நடைமேடை ஓரத்தில் மெர்சி, மாமா, நான். மேற்கே ஆலைப் புகை ஆரஞ்சு நிறத்தில். சிறு வயதில் நின்ற இடத்திலிருந்து நூறடி தள்ளி நிற்கிறோம். வண்டி தெரிந்ததும் மெர்சி இரண்டு கையையும் தூக்கினாள்.

முதல் பெட்டியின் வாசலில் ஒருவன் நின்று கை ஆட்டினான். அருளா? முடி அப்படித்தான் வெட்டியிருந்தது. இரண்டாவது வாசலிலும் ஒருவன். மூன்றாவதில் இரண்டு பேர். அதே முடி, அதே தோள், அதே கை. இந்த வாரம் லீவு ரத்தானவர்கள் எல்லோரும் அந்த ஒரே வண்டியில் இருந்தார்கள் போல. எல்லா வாசலிலும் ஒரு கை. எது அருளுடையது என்று பார்ப்பதற்குள் கடைசிப் பெட்டி கடந்து, தண்டவாளம் மட்டும் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருந்தது.

“பாத்தியாடா அவன?” என்று மாமா யாரையோ கேட்பதுபோல் கேட்டார்.

“தெரில மாமா. எல்லாருக்கும் ஆட்டிட்டேன்.” மெர்சியின் கைகள் இன்னும் மேலேயே இருந்தன. “கயலு, இன்னிக்குத்தான்டி எல்லாருமே திருப்பி ஆட்னாங்க.”

இன்று வீடு திரும்பவில்லை. மெர்சியின் வீட்டில் தங்கியபடி இதை எழுதுகிறேன். அந்த வட்டம் போடும் பக்கத்தை மூடிவிட்டேன். காலை எட்டு மணிப் பூசைக்கு மெர்சியோடு முன் வரிசையில் உட்காரப் போகிறேன். மூன்றாவது ஓலை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்டுவிட்டு ஃபாதர் ஒரு கணம் நிறுத்துவார். அந்த ஒரு கணம் முழுக்கத் திரும்பி வாசலைப் பார்க்காமல் இருக்க முயல வேண்டும்.